கையால் இறுக்கிய நட்டு

ஓட்டை இருந்தது. போல்ட் இல்லை.

டெல்மர் மல்லாந்து படுத்தபடியே டார்ச்சை இன்னொரு முறை அடித்துப் பார்த்தார். ஆர்லிஸின் வீட்டுவண்டிக்கு அடியில், பின்சக்கரத்தின் ஓரத்தில், ஓட்டுகிறவர் உட்காரும் பக்கம். ஸ்டெபிலைசர் கம்பியின் நுனியில் இருந்த இரண்டு ஓட்டைகளும் வெறுமையாக அவரைப் பார்த்தன. அந்தக் கம்பியைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்க வேண்டிய லிங்க், மேல்முனையில் மட்டும் மாட்டிக்கொண்டு கீழே சும்மா தொங்கியது. விரலால் தொட்டார். ஊஞ்சல் மாதிரி ஆடியது.

"என்ன டெல்மர், ஏதாவது தெரியுதா?" என்று மேலேயிருந்து ஆர்லிஸ் கேட்டாள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய வெள்ளை ஷூ இரண்டு மட்டும்தான்.

"பார்த்துட்டிருக்கேன்" என்றார்.

பார்த்து முடித்தாயிற்று. இனி பார்க்க ஒன்றுமில்லை. அந்தக் கம்பிதான் வண்டியின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் பிணைத்து வைப்பது. ஒரு பக்கம் சாயப் பார்த்தால் மறுபக்கத்தை இழுத்துப் போட்டுத் தடுக்கும். ஒரு நுனி கழன்றுவிட்டால் அது வெறும் இரும்புச் சுமை. ஒன்பது டன் வீடு, பக்கத்தில் ஒரு லாரி கடந்து போனாலே குடிகாரன்போலத் தள்ளாடும்.

அந்தப் போல்ட்டைப் போன வருஷம் ஜனவரியில் அங்கே மாட்டியது வேறு யாருமல்ல. டெல்மர்தான்.

அரிசோனாப் பாலைவனத்தில் இருக்கும் அந்த முகாமுக்கு, வடக்கே பனி விழத் தொடங்கியதும் வீட்டுவண்டிகள் வந்து சேரும். மார்ச் முடிந்தால் கிளம்பிவிடும். வந்து நின்றவுடன் முதல் வேலை, நான்கு ஜாக்கிகளையும் ஊன்றி வண்டியைத் தூக்கி நிறுத்துவது. இல்லாவிட்டால் தூங்கும்போது தலைக்கு ரத்தம் ஏறும். வாணலியில் உடைத்து ஊற்றிய முட்டை ஒரு ஓரமாக ஓடும். அப்படித் தூக்கிய வண்டியை மார்ச் வரைக்கும் யாரும் இறக்க மாட்டார்கள். நாலு மாதம் அது வண்டி இல்லை, வீடு.

நாலு மாதம் வெயிலையும் கள்ளிச்செடியையும் பார்த்துக்கொண்டு எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பது? அதனால் ஒருவர் வண்டிக்கு அடியில் இன்னொருவர் நுழைவதுதான் அங்கே ஆண்களின் பொழுதுபோக்கு. பெண்டாட்டி முகத்தைவிட அடுத்தவன் வண்டியின் அச்சை அதிகம் பார்த்தவர்கள் அந்த முகாமில் பலர். டெல்மர் அவர்களுக்கெல்லாம் ஒரு படி மேல். அயோவாவில் பள்ளிக்கூடப் பேருந்துகளின் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். முகாமில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அது பிடிக்கும். பிடிக்காத மாதிரி நடிப்பதும் பிடிக்கும்.

வண்டி ஆடுகிறது என்று யாராவது வந்தால் டாக்டர் எடுத்த எடுப்பில் ஸ்பேனரைத் தூக்க மாட்டார். முதலில் டயரில் காற்று எவ்வளவு என்று பார்ப்பார். அடுத்து, லாரிகள் நிற்கும் எடைமேடைக்குக் கொண்டுபோய் முன்னச்சுக்கு எவ்வளவு, பின்னச்சுக்கு எவ்வளவு என்று நிறுக்கச் சொல்வார். வால்பக்கம் அடைத்து வைத்த தண்ணீரையும் தட்டுமுட்டுச் சாமானையும் குறைக்கச் சொல்வார். அதற்கும் ஆட்டம் அடங்காவிட்டால்தான் அந்தக் கைமருந்து: ஸ்டெபிலைசர் கம்பியின் நுனியில் வெளி ஓட்டையில் இருக்கும் லிங்கைக் கழற்றி உள் ஓட்டைக்கு மாற்றுவது. இரண்டு அங்குல வித்தியாசம்தான். கம்பி விறைத்துக்கொள்ளும், வண்டி சாய யோசிக்கும். புது உதிரிப்பாகம் எதுவும் வேண்டாம். கூலி என்று கேட்டால் டாக்டருக்குக் கோபம் வரும்.

போன வருஷம் அந்த வைத்தியம் கேட்டு வந்தவன் வெர்லின், ஆர்லிஸின் கணவன். தெற்கு டகோட்டாக்காரன். வாய் நீளம், மனசு அதைவிட நீளம். அவனுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. மருத்துவர் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"யோவ் டாக்டர், இனிமே ஸ்டியரிங் என் பொண்டாட்டி கையில. நான் உசுரோட ஊர் போய்ச் சேரணும். அந்தக் கம்பிய ஏதாவது பண்ணுய்யா" என்றான்.

"உன்னைய ஓட்ட விட்டாத்தான்யா உசுருக்கு ஆபத்து" என்றாள் ஆர்லிஸ். நாற்பத்துநாலு வருஷத் தாம்பத்தியத்தில் அவன் ஒன்று சொன்னால் அவள் ஒன்று வைத்திருப்பாள்.

வண்டி ஜாக்கியில்தான் நின்றது. லிங்கின் முனையில் புஷ் என்கிற ரப்பர் வளையம் இருக்கும். அதன் நட்டைக் கடைசியாக முறுக்கும்போது வண்டியின் முழு எடையும் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். தூக்கி நிறுத்தியபடியே முறுக்கினால் ரப்பர் கோணலாகப் பிடித்துச் சீக்கிரம் கிழிந்துபோகும். இதெல்லாம் டெல்மருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று நான்கு லிங்கையும் மாற்றினார். மூன்று நட்டுக்கு ஸ்பேனர் போட்டு ஓரளவு பிடித்து வைத்தார். நான்காவதைக் கையால் திருகிக்கொண்டிருந்தபோது மணி நாலு.

நாலு மணி என்றால் அந்த முகாமில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டாக வேண்டும். மழை வந்தாலும் சரி, மச்சான் செத்தாலும் சரி. அந்த வட்டத்துக்குப் போவதுதான் அன்றைய வேலை முடிந்ததற்கு அடையாளம். வெர்லின் குனிந்து, வண்டிக்கு அடியிலேயே ஒரு பீர் பாட்டிலை நீட்டினான்.

"கடைசி முறுக்கு பாக்கி இருக்குய்யா. ஜாக்கிய எறக்கினாத்தான் போட முடியும்" என்றார் டெல்மர்.

"இப்ப எறக்கினா கபோர்டுல இருக்கிற தட்டெல்லாம் எடுத்துக் கட்டணும், அவ என்னையக் கட்டி வச்சு அடிப்பா. மார்ச்ல எறக்கறப்ப போட்டுக்கலாம், வாய்யா."

சரி, மார்ச்சில் போட்டுக்கொள்ளலாம் என்று டெல்மர் வெளியே வந்தார். அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். எல்லாருக்கும் எல்லாமே மார்ச்சில்தான்.

மார்ச்சும் வந்தது. காற்று கிளம்பப் போகிறது என்று செய்தியில் சொன்னதால், வெர்லினும் ஆர்லிஸும் நினைத்ததற்கு இரண்டு நாள் முன்னாலேயே விடிகாலையில் புறப்பட்டார்கள். டெல்மர் காபிக் கோப்பையோடு வந்து பக்கத்திலேயே நின்றார். அவர் கண்ணெதிரிலேயே ஜாக்கிகள் உள்ளே போயின, வண்டி உஸ்ஸென்று சக்கரத்தின் மேல் அமர்ந்தது. அவருக்கு நினைவு வரவில்லை. கையைக் கையை ஆட்டி வழியனுப்பிவிட்டு வந்தார்.

நினைவு வந்தது மூன்றாம் நாள். ஸ்பேனர் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ தட்டியது போல வந்தது. போனை எடுத்தார். வெர்லின் பேரைத் தேடி வைத்துக்கொண்டார். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இந்த இடத்தில்தான் அவர் தவறினார். மறப்பது மனுஷ சுபாவம், அதை யாரும் தூக்கில் போட மாட்டார்கள். ஆனால் அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தது என்ன தெரியுமா? வெர்லின் சிரிப்பானே என்று. அடுத்த குளிர்காலம் பூராவும் அந்த வட்டத்தில் உட்கார்ந்து, "நம்ம டாக்டர் வயித்தக் கிழிச்சுட்டுத் தைக்க மறந்த கதை" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பானே என்று. அந்தச் சிரிப்புக்குப் பயந்துகொண்டு, 'இல்ல, ஸ்பேனர் போட்டிருப்பேன், போடாம வருவேனா' என்று தனக்குத்தானே சத்தியம் செய்து, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இரண்டு நாளில் அந்தப் பொய்யை நம்பவும் தொடங்கிவிட்டார்.

மே மாதம் ஒரு காலை, அவர் மனைவி நடீன் போனில் ஆர்லிஸோடு பேசி முடித்துவிட்டு வந்தாள். "பாவம், வண்டி ரொம்ப ஆடிச்சாம். நெப்ராஸ்கால பெரிய கண்டமாம். இனி ஸ்டியரிங்கத் தொட மாட்டேன்றா" என்றாள். டெல்மர் தட்டைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. "அந்தப் பக்கம் காத்து அப்படித்தான்" என்றார். ஜூலையில் வெர்லின் மாரடைப்பில் போய்விட்டான்.

இந்த வருஷம் ஆர்லிஸ் தனியாக வந்திருக்கிறாள். சம்பளத்துக்கு ஆள் பிடித்து வண்டியை ஓட்டிவரச் சொல்லிவிட்டு, அவள் விமானத்தில் வந்தாள். விற்கத்தான் வந்தாள். குளிர்காலத்தில் இங்கேதான் வாங்குகிறவர்கள் சுற்றிக்கொண்டிருப்பார்கள். சனிக்கிழமை டூசானிலிருந்து ஒரு தம்பதி பார்க்க வருகிறார்கள். அதற்கு முன் ஒருமுறை அடியில் பார்த்துவிடுங்கள் என்று அவளேதான் டெல்மரைக் கூப்பிட்டாள். "வெர்லின் இருந்தா உங்களைத்தான் கூப்பிட்டிருப்பாரு" என்றாள். அன்று புதன்கிழமை.

டெல்மர் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். முழங்கை சிராய்த்து ரத்தம் எட்டிப் பார்த்தது. அவர் கவனிக்கவில்லை.

"பெரிசா ஒண்ணுமில்ல. ஒரு எடத்துல லேசா தளர்ந்திருக்கு. ஒரு போல்ட் மாத்தணும்" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான். தன் வண்டிக்குப் போய்த் தகரடப்பாவைக் கவிழ்த்து அளவுக்குச் சரியான போல்ட்டைத் தேடினார். திரும்பி வந்து போல்ட்டை உள் ஓட்டையில் மாட்டினார். பிறகு ஆர்லிஸைக் கூப்பிட்டு, அலமாரியில் இருக்கும் தட்டு டம்ளரையெல்லாம் கட்டச் சொல்லி, ஜாக்கிகளை உள்ளே இழுக்கச் சொன்னார்.

"ஜனவரில ஜாக்கிய எடுக்கறதா? ஜனங்க நான் ஓடிப்போறேன்னு நினைக்கப் போறாங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் பொத்தானை அழுத்தினாள்.

எடை சக்கரத்தில் இறங்கியது. டெல்மர் மறுபடி நுழைந்து நான்கு நட்டையும் முழுசாக முறுக்கினார். டார்க் ரெஞ்ச், முறுக்கின அளவு சரி என்று 'டிக்' சத்தம் கொடுக்கும்வரை முறுக்கினார். தளர்ந்தால் கண்ணில் படும்படி ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டால் கோடு இழுத்தார். அத்தனைக்கும் பத்து நிமிஷம் ஆனது. பத்தே நிமிஷ வேலை. இதை நினைத்தபோது அவருக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"ஒரு தடவை ஓட்டிப் பாருங்க" என்றார்.

"நானா? ஐயோ சாமி, வேணாம். நீங்க ஓட்டுங்க."

"நான் பக்கத்துல உக்கார்றேன். வாங்குறவங்க கேட்டா நீங்கதான் சொல்லணும், வண்டி எப்படிப் போகுதுன்னு."

பத்து மாதத்துக்குப் பிறகு ஆர்லிஸ் அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். முகாமின் மண்பாதையில் நத்தை மாதிரி உருட்டினாள். நெடுஞ்சாலையில் ஏறும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஐந்து மைல் போனார்கள். பின்னாலிருந்து ஒரு பெரிய லாரி வேகமாக வருவது கண்ணாடியில் தெரிந்தது. அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறின. லாரி கடந்து போனது. வண்டி லேசாக ஒரு தோளை அசைத்தது, அவ்வளவுதான். சாலைக் கோட்டிலிருந்து ஒரு சாண்கூட விலகவில்லை.

"போயிடுச்சா?" என்றாள்.

"போயிடுச்சு."

அடுத்த லாரியும் போனது. அதற்கடுத்ததும் போனது. அவள் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. ஒரு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. தன் கைவேலைதான் இது என்று டெல்மருக்கும் ஒரு நிமிஷம் இனித்தது.

அப்புறம் அவள் பேசினாள்.

"வண்டில ஒண்ணுமில்ல டெல்மர். எனக்கு இப்பத்தான் புரியுது. நான்தான் ஆட்டியிருக்கேன்."

"அப்படியெல்லாம் இல்ல..."

"இல்ல, கேளுங்க. அவரு பக்கத்துல உக்காந்துட்டு, 'இழுக்காத, இழுக்காத'ன்னு சொல்லிட்டே வருவாரு. எனக்குக் கை நடுங்கும். நெப்ராஸ்கால ஒரு காத்து அடிச்சுது பாருங்க, வண்டி அப்படியே ஓரத்துக் கல்லுல எறங்கிடுச்சு. அவரு பாய்ஞ்சு ஸ்டியரிங்கப் பிடிச்சாரு. ஊரு போய்ச் சேர்றவரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அப்புறமும் பழைய மாதிரி பேசல. நானும் பேசல. ஜூலைல போயிட்டாரு. சாவு வீட்டுல என் பையன் டேரின் கேட்டான், 'அப்பா இதயத்துக்கு அன்னிக்கே அடி விழுந்துடுச்சு, தெரியுமாம்மா?'ன்னு." அவள் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். "இப்பப் பாருங்க. அவரு இல்ல, கை நடுங்கல, வண்டி நேராப் போகுது. அப்ப என்ன அர்த்தம்? அவரு இல்லாமப் போனாத்தான் எனக்கு ஓட்ட வருதுன்னுதான?"

டெல்மர் வாயைத் திறந்தார். "அடுத்த வளைவுல திருப்பிக்கலாம்" என்பதுதான் வெளியே வந்தது.

அன்று நாலு மணிக்கு வட்டத்தில் டாக்டருக்கு ஒரே புகழ்மாலை. ஆர்லிஸ் ஓட்டினாள் என்ற செய்தி நாற்காலி போடுவதற்கு முன்பே முகாம் முழுக்கப் பரவிவிட்டது. ஆப்பிள் பை ஒன்றைச் சுட்டு டெல்மர் மடியில் கொண்டுவந்து வைத்தாள் அவள்.

"யோவ் டாக்டர், கையப் போட்டா கட்டை வண்டியும் ரயிலாப் போகுதுய்யா. எங்க வீட்டுக்காரிக்கும் ரெண்டு நட்டு முறுக்கணும், எப்ப வர்ற?" என்று கேட்டார் ஹார்லன். டெக்சாஸ்காரர், சிரிக்காமல் கேட்பதில் கெட்டிக்காரர்.

"உங்க மூளைக்கு முறுக்கினாத்தான் வேலை ஆகும்" என்றாள் அவர் மனைவி. எல்லாரும் சிரித்தார்கள். டெல்மரும் சிரித்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்குக் குறுகுறுப்பெல்லாம் போதவில்லை, நெஞ்சில் யாரோ ஸ்பேனர் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆப்பிள் பையை ஒரு விள்ளல்கூட அவரால் விழுங்க முடியவில்லை. ஆர்லிஸ் வேறு, "நல்லா இல்லையா?" என்று ஆவலோடு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டிக்குத் திரும்பியதும் நடீன் கதவைச் சாத்திவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்ன ஆச்சு உனக்கு? அவ சுடற ஆப்பிள் பைய மூணு தட்டு திம்ப, இன்னிக்கு ஏதோ விஷம் மாதிரி பாத்துட்டிருந்த."

டெல்மர் சொன்னார். முழுசாகச் சொல்லவில்லை. போல்ட் விழுந்ததைச் சொன்னார், தான் மறந்ததைச் சொன்னார்.

நடீன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "மே மாசம் நான் போன் பேசிட்டு வந்தேனே. நீ பக்கத்துலதான உக்காந்திருந்த?" என்றாள்.

"ஆமா."

"காத்துன்ன."

"ஆமா."

"அப்பத் தெரியுமா உனக்கு?"

டெல்மர் சன்னலைப் பார்த்தார். "அதுக்கு முன்னாலயே தெரியும். அவங்க கிளம்பின மூணாம் நாளே ஞாபகம் வந்துடுச்சு."

நாற்பது வருஷமாக அவரை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள் நடீன். அன்று திட்டவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. "வெர்லின் செத்துட்டான். இனி அத எதுக்குக் கெளர்றது, அவளுக்குத்தான் மனசு கஷ்டம்..." என்று அவர் ஆரம்பித்ததும் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அவளுக்குக் கஷ்டம்னு சொல்லாத. உனக்குக் கஷ்டம்னு சொல்லு. நீ சொல்லலைன்னா, அவ புருஷனை அவளே கொன்னுட்டதா நினைச்சுட்டே சாவா. போய்ச் சொல்லு. இல்ல நான் போய்ச் சொல்வேன்."

"காலைல போறேன்."

"மார்ச்ல போறேன்னு சொல்லாம இருந்தியே, அதுவரைக்கும் சரி" என்று நடீன் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆர்லிஸ் தன் வண்டி வாசலில் விரித்த பாயை உதறிக்கொண்டிருந்தாள். டெல்மர் வருவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க, வாங்க. நான் யோசிச்சேன் டெல்மர், டூசான்காரங்ககிட்ட வேணாம்னு சொல்லிடலாமான்னு. டேரின்தான் குதிப்பான். 'அந்த வண்டில நீ இனி உக்காரவே கூடாது'ன்னு என்கிட்ட சத்தியமே வாங்கியிருக்கான். காபி சாப்பிடுறீங்களா?"

"வேணாம். நான் ஒண்ணு சொல்லணும்."

நின்றபடியே சொன்னார். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று பயம். போன ஜனவரியில் கையால் திருகிவிட்டு வந்ததை, மார்ச்சில் கண்ணெதிரே ஜாக்கிகள் உள்ளே போயும் நினைவு வராததை, நேற்று அடியில் கண்டதை, லேசாகத் தளர்ந்திருக்கிறது என்று பொய் சொன்னதை. "வண்டிய ஆட்டினது நீங்க இல்ல. நான்தான். யாரு ஓட்டியிருந்தாலும் ஆடியிருக்கும். வெர்லின் நல்ல கண்ணோட ஓட்டியிருந்தாலும் ஆடியிருக்கும்" என்றார்.

ஆர்லிஸ் பாயை மடித்தாள். நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள். அதற்குமேல் மடியவில்லை.

"டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு" என்றாள். "நியூ மெக்ஸிகோலயே வந்துச்சு. அவரு, நான் எறங்கி அடில தடவிப் பாக்கறேன்னாரு. நான்தான், கண்ணு தெரியாத மனுஷன் எதுக்கு மண்ணுல பொரளணும், பாத்திரம்தான் ஆடுதுன்னு சொல்லி உக்கார வச்சேன்."

டெல்மர் தலை குனிந்தார்.

"மறக்கறது எல்லாருக்கும் வர்றதுதான்" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அவரை மன்னிக்கத் தயாராகிவிட்டாள் என்று குரலிலேயே தெரிந்தது. அந்த இடத்தில் அவர் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். முகாம் முழுக்க அதைச் சரி என்றுதான் சொல்லியிருக்கும்.

"மறந்தது மட்டும் இல்ல ஆர்லிஸ். நீங்க போன மூணாம் நாள் எனக்கு ஞாபகம் வந்துச்சு. போனக் கையில எடுத்தேன். வெர்லின் எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்பான்னு வெக்கமா இருந்துச்சு. வச்சுட்டேன்."

பக்கத்து வண்டியில் யாரோ ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் கேட்டாள்:

"மூணாம் நாள் நாங்க எங்க இருந்தோம் தெரியுமா?"

"தெரியாது."

"நியூ மெக்ஸிகோல, டுகும்காரிங்கிற ஊர்ல. காத்துக்குப் பயந்து ரெண்டு நாள் சும்மா நின்னோம். வேலை ஒண்ணுமில்ல. சீட்டு ஆடினோம். அவரு என்னைய ஏமாத்தி ஜெயிச்சாரு, நான் அவர் மண்டைல சீட்டுக்கட்டால அடிச்சேன். போன் என் மடியிலதான் இருந்துச்சு டெல்மர். ரெண்டு நாளும் என் மடியிலதான் இருந்துச்சு."

"மன்னிச்சுடுங்க."

"நானா? நான் உயிரோட இருக்கேன், என்கிட்ட சொல்லிட்டீங்க, நான் தெரிஞ்சுக்கிட்டேன். கடைசி மூணு மாசம் என் மொகத்தப் பாக்காமலே போனாரே, அந்த மனுஷன்கிட்ட யாரு போய்ச் சொல்வா?"

 

ஆர்லிஸ் பாயைக் கீழே போட்டாள். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஒரு பேரைத் தேடி அழுத்தினாள். மணி அடிக்கும் சத்தம் வெளியே கேட்கும்படி வைத்து, போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அவரு மகன் இருக்கான். அவன்கிட்ட சொல்லுங்க."

டெல்மர் வாங்கிக்கொண்டார். நாலாவது மணியில் டேரின் எடுத்தான். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம். "என்னம்மா, வண்டி வித்தாச்சா?"

"டேரின், நான் டெல்மர் பேசறேன். உங்கப்பாவோட சிநேகிதன்."

"அம்மாவுக்கு என்ன ஆச்சு?" அவன் குரல் மாறியது.

"அம்மா நல்லா இருக்காங்க. பக்கத்துலதான் இருக்காங்க. தம்பி, போன வருஷம் உங்கம்மா ஓட்டினப்ப வண்டி ஆடிச்சே, அது அவங்க தப்பில்ல. பின்சக்கரத்துகிட்ட ஒரு போல்ட் விழுந்துடுச்சு. அத மாட்டினது நான். சரியா முறுக்காம விட்டுட்டேன். மறந்துட்டேன்."

மறுமுனையில் இயந்திரச் சத்தம் நின்றது. அவன் அதை அணைத்திருக்க வேண்டும். முடிந்தது என்று நினைத்து, டெல்மர் போனைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினார்.

ஆர்லிஸ் வாங்கவில்லை.

"மூணாம் நாளையும் சொல்லுங்க" என்றாள்.